வெளியே வந்த ஒளி

மண்ணுக்கடியில் தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் ஓர் ஒளி ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் பசுவோடு நிற்கும் தங்கை மரகதவல்லிக்கு வெளியூர் அண்ணன் அனுப்பிய "பசுவை வித்துடாதே" என்ற சொல் அதன் முதுகில் இருந்தது.

ஒளி ஓரமாய்ச் சாயும்போதெல்லாம் இழையின் சுவர் அதை உள்ளே தள்ளியது.

"எத்தனை தடவைடா அடிப்பே? என் வேகத்துக்குக் குறுக்கே நிக்க நீ யாரு? வழி விடு!"

"அடிக்கலேன்னா நீ ஊர் போய்ச் சேர மாட்டே. வாயை மூடிக்கிட்டு ஓடு," என்றது சுவர்.

அன்று காலை குழி தோண்டிய யாரோ, இழை இருந்த கேபிளை மடக்கித் திணித்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த முரட்டு மடிப்பில் சுவரால் தடுக்க முடியவில்லை. ஒளி நழுவி வெளியே பாய்ந்தது.

"ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தியது. சுற்றிலும் கேபிளின் கறுப்பு உறைதான் இருந்தது. அதிலேயே அணைந்துபோனது.

சந்தையில் மரகதவல்லி போனைப் பார்த்தாள். அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பசுவின் கயிறு கைமாறியது.

மாலையில் பழுது பார்க்க வந்தவர்கள் மடிப்பை நிமிர்த்தினார்கள். அதற்குள் பசு போன சேதி சந்தைக்குப் போய்வந்த ஒருவர் வாய்வழியாக அண்ணன் காதுக்கு எட்டியிருந்தது. "சொன்னா கேக்கிற பழக்கமே கிடையாதா உனக்கு?" என்ற சொல்லைச் சுமந்து வந்த அடுத்த ஒளி, "விடுடா என்னை!" என்று திமிறியது. சுவர் ஓங்கி ஓர் அறை விட்டது.

சொல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.