இறங்கும்மா கீழே!

“டுர்ர்ர்ர்!” என்று பேருந்தே அதிரக் கத்தினான் அந்த இரண்டு வயதுப் பொடியன். கையிலிருந்த கிலுகிலுப்பையால் ஜன்னல் கம்பியைத் தட்டித் தாளமும் போட்டான். காலை நேரம்; தூக்கம் முழுசாகக் கலையாத முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சுளித்தன.

“இது என்ன பஸ்ஸா, சந்தைக்கடையா?” என்று எரிந்து விழுந்தார் டை கட்டியவர். மடியிலிருந்த லேப்டாப்பை அவர் பட்டென்று மூடியதில், பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார்.

பொடியனின் அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. கிலுகிலுப்பையைப் பிடுங்கினாள்; அவன் செருப்பைக் கழற்றித் தட்டினான். செருப்பைப் பிடுங்கினாள், தொண்டையாலேயே தாளம் போட ஆரம்பித்தான்.

“கோவிச்சுக்காதீங்க சார். கடைசி ஸ்டாப்புலதான் என் ஆபீஸ். அங்கேயே குழந்தைங்களைப் பாத்துக்கற இடம் இருக்கு, அதான் தூக்கிட்டு வரேன். போன வாரம் வேற ஒரு பஸ்ல, இவன் சத்தம் போடறான்னு பாதி வழியில இறக்கி விட்டுட்டாங்க. இன்னிக்கும் லேட்டானா வேலையே போயிடும்.”

“அது உங்க பிரச்சினைம்மா. நாங்க மட்டும் என்ன, ஊர் சுத்தவா வரோம்?” என்றார் டை கட்டியவர்.

“அதானே!” என்றது பின்சீட்டு. காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளும், “பெத்தா மட்டும் போதுமா, வளர்க்கத் தெரிய வேணாமா?” என்று தன் பங்குக்கு முனகினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், அவளை இறக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள் போலிருந்தது.

அப்போது முன்னாலிருந்து ஓர் இடி இடித்தது.

“யாரும்மா அது? இது என்ன உங்க வீட்டுக் கூடமா? இன்னொரு தடவை சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரையும் நடுரோட்டுல விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்!”

ஓட்டுநர்தான். மீசையே தனியாக ஒரு சீட்டு கேட்கும், அப்படியொரு மீசை. கண்ணாடியில் அவர் கண்களை உருட்டிய உருட்டில் டை கட்டியவரே கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிட்டார்.

பொடியன் மட்டும் கைகொட்டிச் சிரித்தான். “இன்னும்!” என்று கேட்டான்.

“இளங்கன்று பயமறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் கூடைக்கார அம்மாள். அந்தச் சிரிப்பில் அவருடைய கடுகடுப்பு பாதி காணாமல் போயிருந்தது. “ஏம்ப்பா டிரைவர், பச்சைப் பிள்ளைகிட்டயா இப்படி வள்ளுனு விழறது?”

“பச்சைப் பிள்ளையாவது, பழுத்த பிள்ளையாவது! வாயை மூடத் தெரியலைன்னா நடந்து போகட்டும்!”

“டுர்ர்ர்ர்!” என்றான் பொடியன்.

பிரேக் கிறீச்சிட்டது. வண்டி ஓரங்கட்டி நின்றது, கதவு திறந்துகொண்டது. ஓட்டுநர் எழுந்து, இடுப்பில் கையை ஊன்றி, “இறங்கும்மா கீழே!” என்று கர்ஜித்தார். அவள் பையைத் தோளில் மாட்டி, பிள்ளையை இடுப்பில் ஏற்றி, கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள்.

அவ்வளவுதான், பேருந்து பொங்கிவிட்டது. நாம் திட்டலாம், நம் கண்ணெதிரே இன்னொருவன் திட்டலாமா?

“நீ உக்காரும்மா! எவன் இறக்கி விடறான்னு பாத்துடலாம்!” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாள், அதைக் கதவுக்குக் குறுக்கே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். தக்காளி என்ன ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. தூக்கம் கலைந்தவர் என்ன விஷயம் என்றே தெரியாமல் “அநியாயம்! அநியாயம்!” என்று கூவினார்.

டை கட்டியவர்தான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்.

“மிஸ்டர்! குழந்தைன்னா கத்தத்தான் செய்யும். நீங்க மட்டும் பொறக்கும்போதே மீசையோட பொறந்தீங்களா? அந்தம்மா வேலை போச்சுன்னா நீங்களா குடுப்பீங்க? எடுங்கய்யா வண்டியை!”

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “அப்போ, அவன் கத்தினா யாரும் குறை சொல்ல மாட்டீங்களா?”

“மாட்டோம்!” என்று மொத்தப் பேருந்தும் ஒரே குரலில் கத்தியது. பொடியன் அதுவரை போட்ட சத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“எக்கேடோ கெட்டுப் போங்க” என்று முணுமுணுத்தபடி அவர் வண்டியைக் கிளப்பினார்.

பிறகென்ன, ஒரே கொண்டாட்டம்தான். பொடியன் மடி மாறி மடி மாறிப் பயணம் செய்தான். பின்சீட்டு ரயிலாக ஊதியது, நடுசீட்டு பூனையாகக் கத்தியது. டை கட்டியவர் டையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் இழுக்கும்போதெல்லாம் சேவலாகக் கூவினார். கூவுகிற மும்முரத்தில் தன் நிறுத்தத்தைக் கோட்டை விட்டு, அடுத்ததில் இறங்கினார்.

இறங்கும்போது ஓட்டுநரை முறைத்தார். “நாளைக்கும் இதே வண்டியிலதான் வருவேன். அந்தம்மாவை ஏதாவது சொன்னீங்க, அப்புறம் தெரியும் சேதி!”

கடைசி நிறுத்தத்தில் பேருந்து காலியானது. அவள் மணியைப் பார்த்தாள். வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பொடியனோடு ஓட்டுநர் இருக்கையருகே வந்து நின்றவள், அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“ஏங்க, சாயந்திரமும் இதே மாதிரி திட்டுங்க. வீட்டுல மட்டும் அந்தக் குரல் கேட்டுச்சு, தொலைஞ்சீங்க!”