எதிர்ப் பந்தி

எட்வர்ட் வந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான், உக்கிரபாண்டி தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பந்திக்குப் போய்விட்டான்.

இன்றோடு பதினெட்டு நாள்.

"எங்கேயாவது உண்டா! தங்கச்சிமடத்துக்காரன் மீன் குழம்பு வேணாங்கிறான்" என்று சலித்துக்கொண்டே எட்வர்ட் தட்டில் ரசத்தை ஊற்றினார் சமையல்கார ராக்கப்பன்.

"தபசு காலம்ணே. ஈஸ்டர் வரைக்கும் மீன், கறி தொட மாட்டேன்."

"அது சரி, கமுதிக்காரன் ஏன் எந்திரிச்சுப் போறான்?"

எட்வர்ட் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனான்.

ராமநாதபுரம் காலேஜ் ஹாஸ்டலில் ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே பானைத் தண்ணீர். நடுவில் அக்கா கல்யாணமென்று கமுதிக்குப் போனான் உக்கிரபாண்டி. திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை. எட்வர்ட் அப்போதுதான் மாதா கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பலோடு நின்றான். நாற்பது நாள் விரதமென்று சொன்னான். உக்கிரபாண்டி ஒரு பார்வை பார்த்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். பானையைக்கூடத் தொடுவதில்லை, கிணற்றடியில் போய்க் குடிக்கிறான்!

ஊரில் யார் என்ன ஓதினார்களோ! வலை இழுக்கிறவன் மகனோடு, காடு கழனி வைத்திருக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை எத்தனை நாளைக்கு உட்காருவான்? ஹாஸ்டலே அப்படித்தான் பேசியது.

அன்று மத்தியானமே எட்வர்ட் டிரங்குப் பெட்டியைப் பூட்டினான். பரீட்சைக்குப் பத்தே நாள்.

"ஏலே, எங்க கிளம்பிட்ட?" வாசலிலேயே நின்று கேட்டான் உக்கிரபாண்டி.

"ஊருக்கு. படிச்சது போதும், அய்யாவோட கடலுக்குப் போறேன். அங்கன இந்த அவமானம் இல்ல."

"என்னலே அவமானம்?"

"வலைக்காரன் மகன்னுதான ஒதுங்கிப் போற? எங்க, உள்ள வா பாப்போம். வர மாட்ட!"

உக்கிரபாண்டி பதறிப்போனான்.

"அடப்பாவி! இப்பத்தான்லே மீன் தின்னுட்டு வாரேன். எங்க ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டுனவுக பக்கத்துல கவுச்சி தின்னவன் நிக்கக் கூடாது. அவுக பானையைத் தொட்டா விரதமே போச்சு. நீ சாம்பலைப் பூசிக்கிட்டு நாப்பது நாள் விரதம்னு சொன்ன. எனக்கோ வாய் அடங்கல. உன் விரதமாச்சும் கெடாம இருக்கட்டும்னுதான் வராந்தாவுல கொசுக்கடி படுறேன்!"

எட்வர்டுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பெட்டியைக் கீழே வைத்தான்.

"எங்க விரதத்துக்கு அதெல்லாம் கிடையாதுடா. உள்ள வா."

உக்கிரபாண்டி ஒரு காலை எடுத்து வைத்தான். என்ன நினைத்தானோ, மறுபடி பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இருலே, எதுக்கும் குளிச்சிட்டு வந்துர்றேன்" என்று கிணற்றடிக்கு ஓடினான்.