வராத கோடு

முதல் கோடு விழுந்துவிட்டது.

அது விழத்தான் வேண்டும். சோதனைப் பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்று சொல்வதற்கான கோடு அது.

இரண்டாவது விழுந்தால், ரத்தத்தில் விரியன் விஷம் இருக்கிறது.

அந்தப் பட்டையை உருவாக்கிய விஞ்ஞானி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அஞ்சலாட்சி படுத்திருந்தாள். கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை இலையை உரித்துக்கொண்டிருந்தவள். கணுக்காலுக்கு மேல் இரண்டு பல் பதிந்திருந்தது.

"கண்ணாடி விரியன்தாம்மா. நானே பாத்தேன்."

அஞ்சலாட்சியின் புருஷன் கலியமூர்த்தி வந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அடிக்க ஓடியிருக்கிறான். அது சோகைக்குள் புகுந்துவிட்டது.

அந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு விஞ்ஞானி வந்தது பட்டையைச் சோதித்துப் பார்க்கத்தான். வைத்தியத்தை முடிவு செய்வது டாக்டர் நசீமா. அவர் கண்ணாடிக் குழாயில் அஞ்சலாட்சியின் ரத்தத்தை எடுத்து, அசைக்காமல் நிறுத்தி வைத்திருந்தார். உறைந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும்.

அந்த மருந்தே சிலருக்கு மூச்சை அடைத்துவிடும். அஞ்சலாட்சிக்கு ஏற்கெனவே ஆஸ்துமா.

அவள் மறுபடி பட்டைக்குத் திரும்பினாள்.

உயிரி உணரி என்று ஆய்வுக் கட்டுரைகளில் பெயர். பார்த்தால் விரல் நீளக் காகிதம். அதில் இரண்டாவது கோட்டை வரவழைக்கத்தான் தன் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தாள்.

விஷத்தின் ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தேடியதில் இளமை போயிற்று. கிடைத்ததைத் தங்கத் துகளில் ஒட்டவைக்க இன்னும் சில வருஷங்கள். ஒரு நாள் மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. ஆய்வகமே கைதட்டியது. மறுவாரம் அதே பட்டை வெறும் உப்புத் தண்ணீருக்கும் சிவந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கோடு வராத நாள் வீணாய்ப் போன நாள். அப்படித்தான் பழகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவரின் ரத்தத்தைப் பட்டை தொடுவது இதுதான் முதல் தடவை.

கலியமூர்த்தி திரையை விலக்கி எட்டிப் பார்த்தான்.

"அது இன்னாம்மா சொல்லுது?"

"கொஞ்சம் பொறுங்க."

வராதே, என்று மனசுக்குள் சொன்னாள்.

சொன்ன பிறகுதான், தான் எதைச் சொன்னோம் என்று புரிந்தது.

வரவில்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெறும் வெள்ளை.

விஷம் இருந்தும் பட்டை அதைத் தவறவிட்டிருந்தால்?

டாக்டர் நசீமா குழாயை எடுத்தார். மெல்லச் சாய்த்தார்.

ரத்தம் அசையவில்லை. கட்டியாக அப்படியே நின்றது.

"உறைஞ்சிருச்சு. பல்லு பட்டிருக்கு, விஷத்தை எறக்கல போல. நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும், மறுபடி மறுபடி பாத்துக்கறேன்." பிறகு அவளைப் பார்த்தார். "உங்களுது என்ன சொல்லுது மேடம்?"

"விஷம் இல்லன்னு."

பட்டையை அவரிடம் நீட்டினாள்.

கலியமூர்த்தி சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

கட்டிலிலிருந்து அஞ்சலாட்சியின் குரல் வந்தது. "யோவ், இங்க குந்திக்கினு இருந்தா மாட்ட யாரு கறக்கறது?"

விஞ்ஞானி வராந்தாவுக்கு வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் யாரோ இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம்கூட நன்றாக இருந்தது.

போன் அடித்தது. ஆய்வகத்திலிருந்து ரெபேக்கா. எதிர்ப்பொருள் தேடிய காலத்திலிருந்து கூடவே உழைப்பவள்.

"பேஷன்ட் வந்திருக்காங்களாமே அக்கா! கோடு வந்துச்சா?"

"வரல."

ரெபேக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"விடுங்கக்கா. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"வரல, ரெபேக்கா."

சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"வரவே இல்ல."