குளியல் தொட்டியில் ஒரு முடி

நானூற்றுப் பன்னிரண்டாம் அறையின் குளியல் தொட்டியில் எடுத்த முடியை, டிஷ்யூ காகிதத்தில் வைத்து நீட்டினார் மேற்பார்வையாளர் மிஸ் லோரேன்.

"இதோட உன் வேலை முடிஞ்சுது ஹசிந்தா. கடைசித் தடவைன்னு போன வாரமே சொன்னேனா இல்லையா?"

சொல்லித்தான் இருந்தார். ஹசிந்தாவும் நானும் அறை சுத்தம் செய்கிற இந்த சான் அன்டோனியோ ஓட்டலில் தொட்டியில் ஒரு முடி கிடந்தால் போதும், அந்த அறை சுத்தம் செய்யாத அறை. படுக்கையில் ஒரு சுருக்கம்கூட இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

ஆட்களைக் குறைத்து, இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினார்கள். ஹசிந்தாவுக்கு முதலில் தூக்கம் போயிற்று. மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. மன அழுத்தம்தான் காரணம், ஓய்வெடுங்கள் என்றாராம் டாக்டர். ஓய்வாம். அதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் துணி வண்டியே ஆடியது.

அவள் துடைக்கத் துடைக்க, அவள் தலையிலிருந்தே விழும். பாவம், என்னதான் செய்வாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அழுதுவிடுவாள். இன்று அழவில்லை. தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

மழுங்கச் சிரைத்த மொட்டை.

"நேத்தே பின்னலை வெட்டிக் குவாதலூப்பே மாதாவுக்குக் காணிக்கை போட்டுட்டேன் மிஸ். வேற யார் தலையையாவது பாருங்க."

பின்னலை மாதாவுக்குக் கொடுப்பது எங்கள் மெக்சிகோப் பெண்களுக்குப் பழக்கம்தான். ஆனால் கொடுத்தவள் இப்படிக் கழுத்தை நிமிர்த்தி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மிஸ் லோரேன் பக்கத்தில் நின்ற என் தலையைப் பார்த்தார். என் கறுப்பு முடி மொத்தமும் வலைக்குள் இருந்தது. ஜன்னல் பக்கம் போய், அந்த முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

செம்பு நிறம்.

எங்கள் மாடியில் அந்த நிறத்தில் முடி உள்ளவர் ஒருவர்தான். தொட்டி தொட்டியாகக் குனிந்து சோதனை போடுகிறவர்.

அவர் கை மெல்லப் பிடரிக்குப் போனது. திரும்பி வந்த விரல்களில் இன்னும் நாலைந்து முடி ஒட்டியிருந்தது.

நான் வாயைத் திறக்கப் போனேன். ஹசிந்தா என் காலை மிதித்தாள்.

அறை சரியாக இருக்கிறது என்றார் மிஸ் லோரேன், யாரையும் பார்க்காமல்.

ஹசிந்தா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க தலையில எத்தனை மாடியக் கட்டியிருக்காங்க, மிஸ்?"