வேன் பக்கம் விழுந்த பழம்

மூணாவது நாளும் ஜெயபாலன் அண்ணன் வேன் பக்கத்துல எலுமிச்சம்பழம் கிடந்துச்சு. குங்குமத்தோட.

செமோர்ல எங்க ஃபிளாட்டு சனமே கீழ இறங்கிருச்சு. ஜெயபாலன் அண்ணன்தான் எங்க பிளாக் கமிட்டித் தலைவர். மத்த நாள்ல அவர் குரல் கோப்பெங் டவுன் வரைக்கும் கேக்கும். அன்னைக்குக் காத்துதான் வந்துச்சு.

"எங்க எஸ்டேட்டுல கங்காணி வீட்டு வாசல்ல இப்படித்தான் பழம் கிடந்துச்சு. மூணே மாசம்..."ன்னு இழுத்தாரு.

"போயிட்டாரா?"ன்னு கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு.

"ரிட்டயர் ஆயிட்டாரு லா! நல்லா இருந்த மனுஷன்!"

"ஐயோ, யார் குடும்பத்துக்கு வச்சிருக்காங்களோ!"ன்னு வீரம்மாக்கா நெஞ்சுல அடிச்சுக்கிச்சு. பாவம், பழத்தைத் தொட ஆளில்ல. மூணு நாளும் அந்தக்காதான் துணிஞ்சு பையில அள்ளி, "ஆத்துல விட்டுட்டு வாரேன்"னு போச்சு.

ஜெயபாலன் அண்ணன் வேனைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்திட்டாரு. படிக்கட்டை அடைச்சுக்கிட்டு நின்ன வேன் அது. வீரம்மாக்கா புருஷன் ஐயாவு அண்ணனுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வண்டி கிட்ட வர இடம் விடுங்கன்னு ரெண்டு வருஷமா எத்தனை பேர் சொல்லியும் நகராத வேன், அஞ்சு நிமிஷத்துல போயிருச்சு.

சாயந்திரம் ஆள் பிடிபட்டுச்சு. நாலாவது மாடி தினேஸ்வரி, ஃபார்ம் ஃபோர் படிக்கிற பதினாறு வயசுப் புள்ள. ஒரு கையில பழம், ஒரு கையில போன்.

"இது பிசிக்ஸ் அங்கிள்."

"எது?"

"எங்க ஸ்கூல்ல ஆள் பத்தலன்னு பிசிக்ஸ் கிளாஸே இல்ல. நானா யூடியூப் பாத்துப் படிக்கிறேன். சொந்தமா ஒரு சோதனை செஞ்சு காட்டுனா, எஸ்பிஎம் பரீட்சையில பிசிக்ஸ் எழுத விண்ணப்பப் பாரத்துல கையெழுத்துப் போடுறேன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. நாளைக்குக் கடைசி நாள். இன்னும் ஒரே ஒரு பழம் விழுறதை வீடியோ எடுக்கணும் அங்கிள்."

"அதுக்கு எலுமிச்சம்பழம்தான் கிடைச்சுச்சா?"

"முதல்ல முட்டை போட்டேன். அம்மா அடிச்சாங்க. அம்மா ஊறுகாய் வியாபாரம், வீட்ல பழம்தான் கிடக்கு."

"போட்டா எடுக்க மாட்டியா?"

"இறங்கி வரலாம்னா கூட்டமா நின்னு கத்துறீங்க. பயந்துட்டேன்."

"சரி, ஏன் கீழ வருது?"

"பூமி இழுக்குது அங்கிள்."

"என் வேன் பக்கமே ஏன் இழுக்குது?"

"நான் அதுக்கு நேர் மேல நிக்கிறேன்ல."

"நம்பாதீங்கண்ணே!"ன்னு குதிச்சுச்சு வீரம்மாக்கா. "பிசிக்ஸாம் பிசிக்ஸ்! இது செய்வினையேதான்!"

ஆனா ஜெயபாலன் அண்ணனுக்குப் போன உசுரு திரும்பிருச்சு. குரலும்தான். "இந்தா புள்ள, இனிமே ஒரு பழம் விழக்கூடாது. விழுந்தா போனைப் புடுங்கிருவேன்!" பாக்கெட்டுலேர்ந்து சாவியை எடுத்தாரு. "வேனைப் பழைய இடத்துலயே போடப் போறேன். வழி விடுங்க."

"ஒண்ணே ஒண்ணு அங்கிள்... அது இல்லன்னா பாரத்துல கையெழுத்து கிடைக்காது."

"முடியாதுன்னா முடியாது."

தினேஸ்வரி அழுதே விட்டுச்சு. மூக்கைச் சிந்திக்கிட்டே கேட்டுச்சு. "சரி அங்கிள். ஒரு டவுட்டு மட்டும். வீடியோல தெரியணும்னு நான் பழத்துல கருப்பு மார்க்கர்லதான் கோடு போட்டேன். குங்குமம் யார் வச்சது?"



சாவி மெதுவா பாக்கெட்டுக்குள்ள திரும்பிப் போச்சு.

"நீ... நீ போடும்மா. எத்தனை வேணும்னாலும் போடு. நல்லாப் படி. வேன் பின்னாலயே நிக்கட்டும்."

கடைசிப் பழத்தையும் போட்டுக் கணக்கை முடிச்சுச்சு புள்ள. மறுநாள் டீச்சர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அதே காலையில ஆஸ்பத்திரி வண்டி படிக்கட்டு ஓரமா வந்து நிக்க, ஐயாவு அண்ணன் நாலே எட்டுல ஏறி உக்காந்தாரு.

சாயந்திரம் வீரம்மாக்கா ஒரு பையோட தினேஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டிச்சு.

"இந்தாடி, உன் பழம்தான், நசுங்காததாப் பாத்து எடுத்து வச்சேன். குங்குமத்தை நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன், ஊறுகாய்க்கு ஆகும்னு அம்மாகிட்ட குடு."