மூணாம் நம்பர்

ஆறாவது பந்தும் ஓடையில் விழுந்தது.

அவள் விரல்களை உதறிக்கொண்டாள். தப்பாகப் பட்ட அடி முதலில் கையில்தான் தெரியும். மட்டையின் காம்பு வழியாக ஏறி முழங்கைவரை கடுகடுத்தது.

"ஓடையில மீனெல்லாம் ஹெல்மெட் கேக்குதுக்கா" என்றான் சவரிமுத்து.

திங்கட்கிழமை. மலைமேல் இருக்கும் அந்த கோல்ஃப் கிளப்புக்கு விடுமுறை. வாரம் முழுக்க மெம்பர்களின் மட்டைப் பையைச் சுமக்கிற அவளும் சவரிமுத்துவும் மற்றவர்களும் அன்று ஒருநாள் தாங்களே ஆடிக்கொள்ளலாம். பழைய வழக்கம். மட்டைகளும் மெம்பர்கள் கழித்துக் கொடுத்தவைதான். அவர்கள் முதலில் கழிப்பது மூன்றாம் நம்பர் அயர்ன் மட்டையை. நீளமான காம்பு. தோசைக்கரண்டி அகலம்கூட இல்லாத இரும்பு முகம். சரியாகப் பட்டால் பந்து வெகுதூரம் போகும்.

பட்டால்.

பத்து மணிக்கு கிளப் செக்ரட்டரி வருவார். ஐந்து பந்து. நூற்று நாற்பது கெஜத்தில் ஓடை. மூன்று பந்தாவது தாண்ட வேண்டும். தாண்டினால், பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்கு.

"ஏழாம் நம்பர் மட்டையில யார் வேணா அடிப்பாங்கம்மா. சொல்லிக்கொடுக்கிறவ மூணாம் நம்பர்ல அடிச்சுக் காட்டணும்" என்று போன வாரமே சொல்லிவிட்டார்.

தாண்டாவிட்டால் மறுபடி பை. அவளுடைய வலது முழங்கால் இன்னொரு மழைக்காலம் பை சுமக்காது. அவளுக்குத் தெரியும். சவரிமுத்துவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசுவதில்லை.

ஏழாம் நம்பரில் அவளுக்கு நிகராக அங்கே ஆள் கிடையாது. ஏழாம் நம்பர் நல்ல மாமியார் மாதிரி, சின்னத் தப்பைக் கண்டுகொள்ளாது. இது அப்படியில்லை. மயிரிழை பிசகினாலும் ஊரைக் கூட்டிவிடும்.

ஏழாவது பந்து புல்லை உரசிக்கொண்டே ஓடித் தண்ணீரில் குதித்தது.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"தெனம் எத்தனை மேடத்துக்கிட்ட சொல்லுற, தலையைத் தூக்காதீங்க தூக்காதீங்கன்னு. இங்க பந்து கெளம்பறதுக்கு முன்னாடி நீ கெளம்பிடுற. தேடப் போறியா?"

அவள் மட்டையின் முகத்தில் ஒட்டிய புல்லைத் துடைத்தாள்.

பதினெட்டு வருஷம். அடிப்பது மெம்பர், பார்ப்பது அவள். எந்தப் புதரில் இறங்கியது, எந்த யூகலிப்டஸில் பட்டுத் திரும்பியது, தூறலிலும் சொல்லிவிடுவாள். சுமக்க யார் தோளும் போதும். மெம்பர்கள் அவளைக் கேட்டு வாங்கிப் போவது அந்தக் கண்ணுக்காக. ஒரு பந்து தொலைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

அந்தக் கண்ணைப் போய்ச் சும்மா இரு என்றால்?

பாவம், அது எப்படி இருக்கும்.

கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் ஓடை மறைந்தது. பிறகு கொடி நட்டிருந்த மேடு. பத்தடிக்கு அப்பால் ஒரே வெள்ளை.

"போதும்க்கா. இதுல அடிச்சா போன எடம் தெரியாது."

தெரியாதுதான்.

அவள் இன்னொரு பந்தை வைத்தாள்.

பார்க்க ஒன்றுமில்லை. வீசினாள்.

ஒரு சின்ன 'டொக்'. அவ்வளவுதான். கையில் கடுகடுப்பு இல்லை. மட்டை தானாகத் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. கீழே, பந்து இருந்த இடத்தில், காசளவுக்குப் பனித்துளி கலைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை.

சவரிமுத்து வெள்ளைக்குள் காதைக் கொடுத்து நின்றான்.

தண்ணீர்ச் சத்தம் வரவில்லை.

"இன்னொண்ணு அடிக்கா" என்றான், குரலைத் தாழ்த்தி.

பத்து மணிக்குப் பனி முழுக்க விலகிவிட்டது. போதாக்குறைக்கு வெயிலும் வந்தது. எல்லாம் தெரிந்தது. ஓடை தெரிந்தது. ஓடையில் வெயில் மினுங்குவது தெரிந்தது. அக்கரையில், பந்து விழுவதைப் பார்த்துச் சொல்ல நிறுத்தியிருந்த சவரிமுத்து தெரிந்தான்.

முதல் பந்துக்குக் கண் ஓடிவிட்டது. தண்ணீர்.

இரண்டாவதும்.

செக்ரட்டரி தாளில் ஏதோ குறித்தார்.

மூன்றாவதற்கு முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். அழுகிற பிள்ளையிடம் சொல்வதுபோலக் கண்ணிடம் சொன்னாள். இன்னிக்கு ஒருநாள் சவரிமுத்து பாத்துக்குவான். நீ இங்கயே இரு.

மூன்றாவது தாண்டியது. சவரிமுத்து கையைத் தூக்கிய பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

நான்காவதுக்கும் கை தூக்கினான். இந்தத் தடவை இரண்டு கையும்.

"அவன் எதுக்கு ஆடுறான்?" என்றார் செக்ரட்டரி.

ஐந்தாவது பந்தை வைத்தாள்.

வீசினாள்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை.

செக்ரட்டரி நெற்றியில் கையை வைத்து வெயிலுக்குள் துழாவினார். இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். அக்கரையில் சவரிமுத்து இரண்டு கையையும் தூக்கி ஆடுவதுதான் தெரிந்தது, பந்து தெரியவில்லை. பிறகு, இத்தனை வருஷத்துப் பழக்கதோஷம், அவளிடமே கேட்டார்.

"எங்கம்மா போச்சு?"

அவள் இன்னும் குனிந்துதான் இருந்தாள். மடங்கிக் கிடந்த ஒரு புல், மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

"நான் பாக்கலீங்க சார்" என்றாள்.