வறட்டு இருமல்

"சாகப்போற! எழுதி வச்சுக்கோ, பூண்டக் கடிச்சுக் கடிச்சே சாகப்போற!"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. சரியாகக் கேட்காதவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க? அந்தப் பிரஷர் மாத்திரையப் போட்டா ராப்பகலா வறட்டு இருமல். ஊசியில நூல் கோக்க முடியல" என்றாள் அவர் மனைவி. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள், அந்தக் கட்டிடத்துக்கே தையலக்கா.

"சில பேருக்கு அந்த மாத்திரை இருமலக் கொண்டுவரும், வாங்க, வேற மாத்தித் தர்றேன்னு டாக்டரே சொன்னாருல்ல?"

"மாத்திரையே வேணாம். இனிமே பூண்டுத் தண்ணிதான். மாடிவீட்டம்மாவோட தங்கச்சிக்கு அதுலதான் பிரஷர் இறங்குச்சாம்."

மாஸ்டர் கையிலிருந்த டம்ளர் சுவரில் மோதி உருண்டது. அது ஒன்றும் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கண்ணாடி டம்ளர் வாங்கியதே கிடையாது. இருக்கிற எவர்சில்வர் டம்ளர்களிலும் நெளியாதது ஒன்றுகூட இல்லை.

தையலக்கா சிந்தியதைத் துடைத்தாள். உள்ளே போய் வேறு டீ போட்டு எடுத்து வந்தாள்.

"குடிங்க. கத்திக் கத்தித் தொண்ட காஞ்சிருக்கும்."

பூண்டுக்கு மாறிய கொஞ்ச நாளிலேயே தையலக்காவின் இருமல் போன இடம் தெரியவில்லை. மாடிவீட்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தானே கண்டுபிடித்த மருந்து மாதிரி இன்னும் நாலு வீட்டுக்குப் பூண்டைச் சிபாரிசு செய்தாள்.

ஆனால் அந்த வீட்டில் இருமல் சத்தம் மட்டும் ஓயவில்லை. இப்போது இருமியது மாஸ்டர்.

"அக்காகிட்ட இருந்து இவருக்கு ஒட்டிக்கிச்சு போல."

"இத்தன வருஷத்துல அந்தம்மாகிட்ட இருந்து அவரு வாங்கிக்கிட்ட ஒரே கஷ்டம் அதுதான், விடு" என்று படிக்கட்டில் சிரித்தார்கள்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலை விட்டு எழுந்தால் அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. படியேறினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் பாதி வாக்கியத்திலேயே ஆள் காலி.

வீடு அடங்கிப் போனது. அந்த அமைதியில் தையல் மெஷின் ஓடும் சத்தமும், அதோடு சேர்ந்து மனைவி மெல்ல முனகும் பாட்டும் கேட்டன. அவள் பாடுவாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போய்ட்டு வரலாமா?" என்று அவராகவே கேட்டார்.

"களைப்புதாங்க. வேற ஒண்ணுமில்ல. டீ ஆறுது பாருங்க."

மறுநாள் பயிற்சிக் காரில் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். சிக்னலில் முன்னால் லாரி நின்றது. மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய பிரேக். அன்று அதன் மேல் இருந்த கால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

கடைசி நொடியில் அந்தப் பெண்ணே மிதித்தாள். லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

"நீங்க திட்டவே இல்லயே மாஸ்டர்... நான் சரியாத்தான் ஓட்டுறேன்னு நெனச்சுட்டேன்" என்றாள், அழுகிற குரலில்.

காற்றுக்காகக் கதவைத் திறந்து இறங்கியவர், சாலையில் அப்படியே சரிந்தார்.

கிளினிக்கில் மாஸ்டருக்கு மயக்கம் தெளிந்ததும், தகவல் கேட்டு வந்து சேர்ந்த தையலக்காவைத்தான் டாக்டர் முதலில் பிடித்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தியதற்கு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். முள்ளைப் பார்த்ததும் திட்டு பாதியில் நின்றது.

"நூத்தியிருபதுக்கு எம்பது! பூண்டு இவ்வளவு வேல செய்யுமா?"

அடுத்து மாஸ்டர் கையில் சுற்றினார். நம்பாமல் மறுபடி காற்றடித்துப் பார்த்தார்.

"என்ன சார், பிரஷர் இப்படி அதலபாதாளத்துல கெடக்கு? உங்களுக்கு யாரு பிரஷர் மாத்திரை எழுதிக் குடுத்தது?"

"எனக்கா? எனக்கு ஏது டாக்டர் பிரஷர்? அது அவளுக்குத்தான..." முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சளியில்லாத, நிற்காத, வறட்டு இருமல்.

டாக்டருக்கு அந்த இருமலைத் தெரியும். மெதுவாகத் தையலக்கா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... உங்களுக்குன்னு நான் எழுதிக் குடுத்த மாத்திரையெல்லாம் எங்க போச்சு?"

மாஸ்டர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவள் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டு வந்த டீ.

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் படியேறவில்லை. இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார். தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார். டிரைவிங் ஸ்கூல் கைமாறிவிட்டது. தையலக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். போலீஸ் விசாரணை, ஸ்டேஷனில் கையெழுத்து என்று அலைந்த நடுவிலும் கண்ணாடி டம்ளர் அரை டஜன் வாங்கிக்கொண்டாள்.

அன்று டாக்டருக்கு அவள் சொன்ன பதிலைத்தான் படிக்கட்டில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அக்கிரமம் என்று வாயைப் பொத்திக்கொண்டாலும், கண்ணில் மட்டும் சிரிக்கிற பெண்களும் உண்டு.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகத்தான் சொன்னாளாம்:

"வியாதி எங்க இருக்கோ, அங்கதான டாக்டர் மருந்து குடுக்கணும்?"